தங்கராணியின் வெள்ளிக்கிழமை

என் பெண்சாதி தங்கராணிக்கு எரிச்சல் வந்துவிட்டால் முதலில் குசினிக்குத்தான் தெரியும். அலுமாரிக் கதவு படாரென்று அடிபடும், சட்டிமூடி துள்ளும், எனக்கு வருகிற தேத்தண்ணியில் சீனி இருக்காது. ஆனால் வாய் திறந்து "எனக்கு எரிச்சல்" என்று மட்டும் சொல்லமாட்டாள். கேட்டால், "எனக்கென்ன எரிச்சல்? நான் ஏன் எரியோணும்?" என்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டது ஒரே ஒரு தரம்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது எனக்கும் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் மட்டக்களப்பு தாண்டவன்வெளிக்காரி. நான் எண்பத்தாறில் டென்மார்க்குக்கு வந்து, எண்பத்தொன்பதில் அவளைக் கூப்பிட்டேன். ஓல்போர்க்கில் எனக்கு இரும்பு வார்க்கிற பட்டறையில் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில். குசினி வேலை என்றதும் சமையல் என்று நினைத்துவிடாதீர்கள். உருளைக்கிழங்கு தோலுரிக்கிறது, அவிக்கிறது, மண்ணிறக் குழம்பை வாளி வாளியாகக் கலக்கிறது, தட்டில் போட்டு மூடி மேல்மாடிக்கு அனுப்புகிறது. உப்புக்கும் அளவுக் கரண்டி வைத்திருப்பார்கள். மேலே படுத்திருக்கிறவருக்குத் தன் கிழங்கை யார் அவித்தது என்று தெரியாது, தெரிந்து ஒன்றும் ஆகவேண்டியதும் இல்லை.

"ஒரு ஆள் நல்லாருக்கெண்டு சொன்னதில்ல, ஒரு ஆள் கூடாதெண்டும் சொன்னதில்ல. இதெல்லாம் ஒரு சமையலா?" என்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்குவாள். பாவம்தான். அவள் கைக்கறியை ஒரு நாள் தின்றவன் மறுநாள் வாசலில் வந்து நிற்பான். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு இருபது வருசமாக மண்ணிறக் குழம்பு கலக்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. வந்த புதிதில் எங்களுக்கு டெனிஷ் படிப்பித்த ஆசிரியை கிர்ஸ்டன். நல்ல மனிசி. தன்னிடம் படித்த குடும்பங்களை வருசம் ஒரு தரம், ஜூலையில், லோக்கன் கடற்கரையில் ஒரு பெரிய கோடை வீடு எடுத்து ஒரு கிழமை ஒன்றாக வைத்திருப்பா. சனி போய் அடுத்த சனி திரும்புவோம். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு நாட்டுச் சாப்பாடு. வியட்நாமிலிருந்து வந்த லான் ஒரு நாள், பொஸ்னியாக்காரி அமீரா ஒரு நாள், கிர்ஸ்டன் தன் இறைச்சி உருண்டையோடு ஒரு நாள். கடைசிப் பின்னேரம், வெள்ளிக்கிழமை, எங்களுடையது. அதாவது தங்கராணியுடையது.

சாப்பிட்டு முடிந்ததும் கிர்ஸ்டன் எழும்பி, கிளாசைத் தூக்கி, அன்று சமைத்தவளின் பேரைச் சொல்லுவா. ஒரு பேர்தான். எல்லாரும் எழும்பி நின்று கை தட்டுவார்கள். கடைசி நாள் தட்டு என்றால் வீடு இடிகிற தட்டு. அந்தக் கைதட்டுக்காக என் பெண்சாதி ஈஸ்டரிலிருந்து ஆயத்தப்படுவாள். பெரிய றால் பார்த்து வாங்கி உறைபெட்டியில் போடுவாள், தூள் வறுப்பாள், அன்று உடுக்கிற சட்டையைக்கூட முன்கூட்டியே தெரிவுசெய்து வைப்பாள். கைதட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு "ஐயோ, போதும் போதும்" என்பாள். ஒரு ஆள் முந்தி நிறுத்தினால் அந்த ஆளின் பேர் வருசம் முழுக்க எங்கள் வீட்டில் அடிபடும்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது என்று இங்கத்தைய செய்தியில் படம் போட்டார்கள். நான் தொலைக்காட்சியை நிற்பாட்டினேன். தங்கராணி எழும்பிப் போய்ப் படுத்தாள். அந்த மாதக் கடைசியில் இஷொயிலிருந்து கனகசபை போன் எடுத்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், என்னோடு ஒரே வாங்கில் இருந்து டெனிஷ் படித்தவன், பிறகு தலைநகர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் பெண்சாதி ஞானேஸ்வரிக்கு ஒரே ஒரு தம்பி, குலேந்திரன். வன்னியில் இருந்தவன். ஏப்ரலில் ஒரு தரம் போன் எடுத்தானாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முகாமில் இருக்கிறானா, எங்கே இருக்கிறான், ஒருவருக்கும் தெரியாது.

"வீட்டுக்குள்ள இருக்க ஏலாமல் கிடக்கு அண்ணை," என்றான்.

"அப்ப இந்த முறை எங்களோட கடற்கரைக்கு வாங்க," என்று நான் சொல்லிவிட்டேன். தங்கராணியிடம் சொன்னபோது, "கூட்டி வாங்க, பாவம் அந்தப் பிள்ளை," என்றாள். உண்மையாகவே பாவம் பார்த்துத்தான் சொன்னாள், அதற்கு நான் சத்தியம் பண்ணுவேன். அந்தப் பாவம் முதல் சனிக்கிழமை பின்னேரம் வரை தாக்குப் பிடித்தது.

ஞானேஸ்வரி வந்து இறங்கினாள். மெலிந்த பெண், காற்சட்டையும் பெரிய கம்பளிச் சட்டையும், பொக்கற்றில் கைத்தொலைபேசி. காரின் பின்பெட்டியைத் திறந்தால் உடுப்புப் பெட்டி ஒன்றுதான், மிச்சமெல்லாம் சட்டி, அரிதட்டு, மா, தூள், இடியப்ப உரல். சப்பாத்தைக் கழற்றுமுன் குசினிக்குள் போய் அடுப்பைப் போட்டாள். நாங்கள் பெட்டிகளை உள்ளே எடுத்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் சுடச்சுடத் தேத்தண்ணியும் உள்ளிவடையும் வந்துவிட்டது.

"என்ன கைப்பழக்கம்!" என்று லான் வாயைப் பிளந்தாள். தங்கராணி ஒரு வடையை எடுத்து, பிட்டு, உள்ளே பார்த்து, "உப்புக் கொஞ்சம் கூட," என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சரியாக இருந்தது. ஆனால் நான் என்ன விசரனா, சொல்லுவதற்கு?

அன்று தொடங்கியது. யாருடைய நாள் என்றாலும் அடுப்படியில் ஞானேஸ்வரிதான். கிர்ஸ்டன் உருண்டை பொரித்தால் பக்கத்து அடுப்பில் அவள் சொதி வைப்பாள். விடியப் போனால் இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும். மத்தியானம் எல்லாரும் கடலில் கிடக்கும்போதும் அந்த வீட்டுப் புகைபோக்கி வேலை செய்யும். அடுப்பு ஆற அவள் விட்டதில்லை. ஆனால் சமைத்ததைத் தான் சாப்பிட்டதையும் நான் காணவில்லை. ஒரு வாய், இரண்டு வாய், பிறகு எழும்பிப் போய்விடுவாள்.

கனகசபையிடம் மணல் மேட்டில் வைத்து இதைக் கேட்டேன். "விடுங்கோ அண்ணை, சமைக்கட்டும். இஷொயிலையும் மூண்டு நேரமும் அடுப்பு எரியுது. சாப்பிட ஆளில்லை, நான் கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளுக்குக் குடுக்கிறன். நிப்பாட்டு எண்டு சொல்ல எனக்குத் தைரியமில்லை," என்றான். ஏன் தைரியமில்லை என்று நான் கேட்டேன். அவன் கடலைப் பார்த்தான். நானும் கடலைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

புதன்கிழமை அமீராவின் நாள். அவர்கள் ஊரில் மாவை மேசை விரிப்பு மாதிரிக் கையால் இழுத்து இழுத்து, மறுபக்கம் தெரியுமளவுக்கு மெல்லிசாக்கி, இறைச்சியை வைத்துச் சுருட்டிச் சுடுவார்கள். அந்த மாவை இழுக்கத் தங்கராணி வருசா வருசம் முயற்சி செய்கிறவள். வருசா வருசம் கிழியும், அமீரா சிரிப்பாள், அவளும் சிரிப்பாள். அந்த வருசம் ஞானேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு தரம் பார்த்துவிட்டு, முதல் தரத்திலேயே மேசை முழுக்க இழுத்துவிட்டாள். கிழியவில்லை.

அமீரா அவளைக் கட்டிப்பிடித்து, "தங்கக் கை," என்று டெனிஷில் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். அமீராவின் புருசனும் அவர்கள் ஊர்ச் சண்டையில் காணாமல் போனவர். இரண்டு பேரும் பாதி டெனிஷில் மெல்ல மெல்ல என்னவோ கதைத்தார்கள். அமீரா அவளுடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கராணி ஜன்னலுக்குள்ளே நின்று, ஏற்கெனவே துடைத்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தாள்.

"என்னைச் சகோதரி சகோதரி எண்டு சொல்லித் திரிஞ்சவள்," என்றாள் என்னிடம். "ஒரு நாள் இப்பிடி என்ட கையைப் பிடிச்சிருப்பாளா?"

"உன்ட கையில எந்த நேரமும் கரண்டி இருக்கு, அவ எப்பிடிப் பிடிக்கிறது?" என்றேன். அன்று பின்னேரம் என் தேத்தண்ணியில் சீனி இல்லை.

ஆனாலும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவக்காரருக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை றால் கறிக்குப் பக்கத்தில் ஞானேஸ்வரி வரமாட்டாள், அது தனக்குத்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிழமையை நகர்த்தினாள். அந்தக் கணக்கில் வியாழக்கிழமை காலை கிர்ஸ்டன் மண்ணைப் போட்டா.

காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது கிர்ஸ்டன் கேட்டா: "தங்கராணி, ஞானேஸ்வரி தங்கள் ஊர்க் கூழ் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். நண்டு, மீன் எல்லாம் போட்டு ஒரே பானையில் வைப்பார்களாம். நாளைக்கு அவள் அதைச் செய்யட்டுமா? நீயும் ஒரு வருசம் ஆறுதலாக இருக்கலாமே."

தங்கராணியின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துபோய் நின்றது. ஞானேஸ்வரியைப் பார்த்து, "தங்கச்சி, நாளைக்கு வெள்ளியெல்லோ, உங்களுக்கு மரக்கறி," என்றாள்.

"நான் சாப்பிடமாட்டன் அக்கா. சமைப்பன்," என்றாள் அவள். "சமைக்கிறதுதான் எனக்கு வேணும்."

"யா, யா! நல்லதுதானே!" என்று தங்கராணி கிர்ஸ்டனுக்குச் சொன்னாள். பிறகு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அப்பா! எனக்கு விழுந்த பேச்சு!

"ஆர் கூப்பிடச் சொன்னது உங்களை? வருசத்தில எனக்கிருக்கிறது ஒரு நாள். ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் நான் ஆருக்குச் சமைக்கிறன், எனக்கே தெரியாது. அந்த ஒரு நாளையும் தூக்கிக் குடுக்கச் சொல்லுறாங்க. 'ஆறுதலா இரு'வாம்! நான் என்ன செத்தா போனன் ஆறுதலா இருக்க?"

"எரிச்சல்படாத," என்றேன்.

"எனக்கென்ன எரிச்சல்?" என்றாள். தலையணையை எடுத்து என் பக்கம் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய அவள் முகம் நிலவு மாதிரி இருந்தது. தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "இஞ்சேருங்க, கனகசபையையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் உயிர் நண்டு வாங்கி வாங்க. கூழுக்கு வேணுமெல்லோ," என்றாள். அட, மனம் மாறிவிட்டாளே என்று நானும் சந்தோசமாகக் காரை எடுத்தேன். கனகசபை அங்கே இருந்தால் தன் திட்டம் நடக்காது என்றுதான் எங்களை அனுப்பினாள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

நாங்கள் போன பிறகு நடந்ததை எங்கள் மகள் நிலுஷா சொன்னாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. தாய், கிர்ஸ்டனையும் அமீராவையும் லானையும் வெளியே கூப்பிட்டு, மெதுவான குரலில், ஞானேஸ்வரி களைத்துப்போனாள் என்றாளாம். எங்கள் ஆட்களின் வழக்கத்தில் துக்கத்தில் இருக்கிறவளை அடுப்படிக்கு விடமாட்டோம், மற்றவர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துச் சாப்பிடப் பண்ணுவோம், இவ்வளவு நாளும் அவளைச் சமைக்க விட்டது எங்கள் பிழை என்றாளாம். அந்த மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. தெரியாமல் இருந்துவிட்டோமே என்று கிர்ஸ்டன் தன் நெஞ்சில் கையை வைத்தாவாம்.

தங்கராணி சொன்னது பொய் இல்லை. அதுதான் விசயமே. எங்கள் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும், எங்களைப் போல வேதக்காரரிலும் அவர்களைப் போல சைவக்காரரிலும், அந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் அது செத்த வீட்டு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சொந்தக்காரரும் அயலும் சோறும் மரக்கறியும் சமைத்துக் கொண்டுவந்து, அழுதுகொண்டிருக்கிறவளின் கையில் சோற்றுக் கோப்பையை வைத்து, "ஒரு வாய் சாப்பிடு" என்பார்கள். இது எங்கள் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும். தங்கராணிக்குத் தெரியாதா? தெரியும். எரிச்சல் கண்ணை மறைத்துவிட்டது. தன் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த நல்ல பெண்கள் குசினிக்குள் போனார்கள். கிர்ஸ்டன் ஞானேஸ்வரியின் கையிலிருந்த அகப்பையை மெதுவாக வாங்கினா. அமீரா தோளைப் பிடித்துக் கூட்டிவந்து முன் அறையில் இருத்தினாள். லான் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர். ஞானேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாளாம். பிறகு கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்தாளாம்.

நாங்கள் நண்டுப் பையோடு உள்ளே வரும்போது மத்தியானம். தங்கராணி தன் றாலையெல்லாம் ஒரு பக்கம் ஆயத்தமாக வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்று பார்த்துப் பார்த்து, ஞானேஸ்வரிக்கென்று தனியாகச் சமைத்துப் போட்ட கோப்பையைக் கொண்டு வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி. அடுப்பு அணைந்து நூர்ந்திருந்தது. ஞானேஸ்வரி நிலத்தில் இருந்தாள், பெண்கள் அவளைச் சுற்றி இருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற கனகசபை இந்தக் காட்சியைப் பார்த்தான். பை கையிலிருந்து விழுந்தது.

"எப்ப?" என்று கேட்டான்.

அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டதும் ஞானேஸ்வரி வாயில் இருந்து வந்த சத்தம் இருக்கிறதே! நான் பட்டறையில் இரும்பு உடைகிற சத்தமெல்லாம் கேட்டவன். அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. புருசனுக்குத் தெரிந்துதான் கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். அவளுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அவன் நினைத்தான்.

"ஐயோ, இல்ல!" என்று தங்கராணி கத்தினாள். "இல்ல கா, தங்கச்சி! ஒரு செய்தியும் வரல்ல! ஆரும் போன் எடுக்கல்ல!"

"பொய் சொல்லாதேங்கோ அக்கா!" ஞானேஸ்வரி அவள் காலைப் பிடித்துவிட்டாள். "ஆர் எடுத்தது? என்ன சொன்னவை? எனக்குச் சொல்லாமல் மறைக்கிறியள். ஏன் என்னை அடுப்பாலை எழுப்பினனீங்கள்? ஏன் எல்லாரும் அழுகினம்? ஏன் எனக்கு மரக்கறி?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை... அதுக்காக..."

"அப்ப ஏன் எழுப்பினனீங்கள்?"

தங்கராணி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? எனக்கே ஒன்றும் தெரியாது.

"எரிச்சல்ல," என்றாள்.

"என்ன?"

"எரிச்சல் கா, எரிச்சல்!" அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "நீ வந்த நாள்ல இருந்து எனக்கு வயிறு எரியுது. இண்டைக்கு என்ட நாள். உன்னை எழுப்பினாத்தான் எனக்கு அடுப்புக் கிடைக்கும். அதுக்காக இவங்களுக்குக் கதை சொல்லி உன்னை எழுப்புவிச்சன். அவ்வளவுதான். வேற ஒண்டுமில்ல."

"உதுக்காக ஆரும் இப்பிடிச் செய்வினமோ?" ஞானேஸ்வரி தலையை ஆட்டினாள். நம்பவில்லை. "அவன் செத்திட்டான். எனக்குத் தெரியும். நீங்கள் என்னை ஆற்றுறதுக்குச் சொல்லுறியள்."

"ஆற்றுறனா? நானா?" தங்கராணி கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் தானும் நிலத்தில் இருந்தாள். விரல் மடித்து மடித்துச் சொல்லத் தொடங்கினாள். "நீ மா இழுத்தாக் கிழியுதில்ல, எனக்குக் கிழியுது. அதுக்கு எரிச்சல். அமீரா உன்ட கையைப் பிடிச்சதுக்கு எரிச்சல். இந்தக் கிர்ஸ்டன் உன்ட பேரை நாலு நாள் பழகி ஒழுங்காச் சொல்லுறா. என்ட பேரை இண்டு வரைக்கும் 'தங்ரானி' எண்டுறா. அதுக்கு எரிச்சல். உன்ட சம்பலை என்ட மனிசன் மூண்டு தரம் வாங்கித் திண்டார். இவரை அண்டைக்கே கொல்ல இருந்தன். வடைக்கு உப்புக் கூட எண்டன், பொய். உப்புச் சரியாத்தான் இருந்தது."

என்ன நடக்கிறது என்று கிர்ஸ்டன் நிலுஷாவின் கையைப் பிடித்துக் கேட்டா. நிலுஷா ஒரு நிமிசம் தாயைப் பார்த்தாள். பிறகு, "அம்மாவுக்கு அவ மேல் பொறாமை. அதனால்தான் இப்படிச் செய்தாவாம்," என்று டெனிஷில் சொன்னாள். வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. தங்கராணி திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

"இன்னும் நம்பல்லையா? கேள். என்ட அண்ணனைத் தொண்ணூறாம் ஆண்டு வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க. அந்தோனிதாசன். விசாரிச்சிட்டு விடுறமெண்டு கூட்டிட்டுப் போனவங்க. நான் இஞ்ச வந்து ஒரு வருசம். கடுதாசி வந்த அண்டும் நான் வகுப்புக்குப் போனன். போய் 'நான் நேற்றுப் போனேன், நான் நாளைக்குப் போவேன்' எண்டு எல்லாரோடயும் சேர்ந்து படிச்சிட்டு வந்தன். என்ன முகம் இப்பிடி எண்டு ஒரு ஆள் கேக்கல்ல. கேட்டாலும் சொல்ல எனக்குப் பாசை தெரியா. உனக்கெண்டா எல்லாரும் கேக்கிறாங்க. தோளைப் பிடிக்கிறாங்க. போர்வை போத்துறாங்க. எனக்கு அதுக்கும் எரிச்சல். அதுக்குத்தான் கூட எரிச்சல்."

அதை நிலுஷா மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு இப்படி ஒரு மாமா இருந்ததே தெரியாது. கிர்ஸ்டன் திரும்பத் திரும்பக் கேட்டும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பேரை எங்கள் வீட்டில் தங்கராணி சொல்லி நானே கேட்டு எத்தனையோ வருசம்.

ஞானேஸ்வரி போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள். அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அப்ப செய்தி வரேல்லை," என்றாள்.

"வரல்ல."

"எரிச்சல் மட்டும்தான்."

"மாதா மேல சத்தியம். எரிச்சல் மட்டும்தான்."

ஞானேஸ்வரி எழும்பினாள். போர்வையை உதறிவிட்டு, சோற்றுக் கோப்பையைத் தாண்டிக் குசினிக்குள் போனாள். மின்சார அடுப்பின் திருகைத் திருப்பினாள். தட்டு சிவந்து வரும்வரை அதன் முன்னாலேயே நின்றாள்.

"அடுப்பு நூர்ந்தால் அது செத்த வீடு எண்டு அவவுக்கு ஒரு எண்ணம் அண்ணை," என்றான் கனகசபை என்னிடம். "மே மாசத்திலையிருந்து. நான் அதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஏலாமல் நிண்டனான்." நிலத்தில் சிதறிய நண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான். நானும் குனிந்து பொறுக்கினேன். ஒரு நண்டு என் பெருவிரலைக் கவ்வியது, கடிக்கட்டும் என்று விட்டேன்.

தங்கராணி முகத்தைக் கழுவிவிட்டுக் குசினிக்குள் போனாள். இனி என்ன நடக்கப் போகிறதோ என்று நான் வாசலில் நின்றேன். தன் றால் சட்டியை, தூளை, வெட்டி வைத்த வெங்காயத்தை, எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளினாள். "நான் என்ன செய்யோணும் சொல்லு," என்றாள். ஞானேஸ்வரி கிழங்குப் பையைக் காட்டினாள். என் பெண்சாதி ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரியே, உருளைக்கிழங்கு தோலுரித்தாள். நடுவில் ஒரு தரம் ஞானேஸ்வரி றால் குழம்பை வாயில் வைக்காமல் மணந்து பார்த்து, "புளி காணாது அக்கா," என்றாள். "என்ட தூளுக்கு அவ்வளவு புளி போதும்!" என்று தங்கராணி சீறினாள். பிறகு தானே எழும்பிப் புளியைக் கரைத்துக் கொடுத்தாள்.

அன்று சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கூழ், றால், சோறு, சம்பல். சட்டி வழித்துச் சாப்பிட்டோம். வெளியே கடற்காற்று, ஆறு மணி கழிந்தும் நல்ல வெயில். ஞானேஸ்வரியும் ஒரு கோப்பை பருப்பும் சோறும் முழுதாகச் சாப்பிட்டாள்.

கிர்ஸ்டன் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பினா. எழும்பிவிட்டு நின்றா. தங்கராணியைப் பார்த்தா, ஞானேஸ்வரியைப் பார்த்தா. அந்த நல்ல மனிசிக்கு யாரையும் நோகப் பண்ணத் தெரியாது. "இந்த முறை நான் இரண்டு பேர் சொல்லப் போகிறேன்," என்றா. அந்தோனிதாசனைப் பற்றி நிலுஷா பிறகு ஏதாவது சொல்லியிருப்பாள்போல. தங்கராணியைப் பார்க்கும்போது கிர்ஸ்டனின் வாய் துடித்தது.

"இல்ல," என்று தங்கராணி டெனிஷில் சொன்னாள். "ஒரு பேர்தான் வழக்கம். சமைத்தவளுடைய பேர்."

"ஆனால் நீயும்..."

"நான் கிழங்கு உரித்தேன். சமைத்தது அவள். அவள் பேரைச் சொல்."

ஞானேஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தங்கராணி அவளுடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பி விட்டாள். கிர்ஸ்டன் பேரைச் சொன்னா. ஒழுங்காகச் சொன்னா, ஒரு எழுத்துப் பிசகாமல். எல்லாரும் எழும்பினார்கள், மேசை குலுங்கியது. ஞானேஸ்வரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது என் பெண்சாதிதான்.

நான் தட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையை நிறுத்தாமல், முகத்தைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"என்னைப் பாக்காதீங்க. எரிஞ்சு சாகுறன். பேசாமக் கையைத் தட்டுங்க."